குன்வோர் நிறுத்திய விமானம்

எல்ட்ரிட்டின் அம்மா குன்வோர், தீவின் சிறிய விமான நிலையத்தில் இருபத்திரண்டு வருடங்களாக மெக்கானிக். அந்த வெள்ளிக்கிழமை அவர் ஒரு விமானத்தை நிறுத்திவிட்டார்.

விமானத்தின் முன்விசிறியின் ஓர் இறக்கையில் மயிரிழை போல ஒரு கோடு. டார்ச் அடித்துப் பார்த்தார். நகத்தால் தடவினார். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தார். விரிசலா, வெறும் கீறலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

"இது இன்னிக்குப் பறக்காது" என்றார்.

பயணிகள் கத்தினார்கள். ஒருவர் "பயந்தாங்கொள்ளி!" என்றார்.

எல்ட்ரிட்டின் உயிர்த்தோழி சுன்னிவா மட்டும் கத்தவில்லை, அழுதாள். அவள் அப்பா மீன்பிடிக் கப்பலில் வேலை செய்பவர். மறுநாள் காலை, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பூடோ துறைமுகத்திலிருந்து கிளம்பினால் திரும்ப ஐந்து மாதம் ஆகும். அவரை வழியனுப்பத்தான் சுன்னிவா அந்த விமானத்தில் கிளம்பியிருந்தாள்.

"உங்கம்மா சரின்னு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா நான் அப்பாவைப் பாத்திருப்பேன். இனிமே என்கூடப் பேசாதே!" என்றாள் எல்ட்ரிட்டிடம்.

வீட்டில் அம்மா ஆறிப்போன மீன் சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"அது பறந்திருக்கும்தானேம்மா?"

"பறந்திருக்கலாம்."

"அப்புறம் ஏன்?"

"'லாம்'னு இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன்டி. உள்ள பதினெட்டுப் பேரு." அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "சுன்னிவா பாவம். அதுவும் எனக்குத் தெரியும்."

அம்மா செய்தது சரி. சுன்னிவா அழுததும் சரி. எல்ட்ரிட்டுக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாலை கைப்பேசியில், கப்பல்கள் போகும் வழியைக் காட்டும் வரைபடத்தைத் திறந்தாள். சுன்னிவா அப்பாவின் கப்பல் தீவின் பக்கமாக வடக்கே வந்துகொண்டிருந்தது. உடனே சுன்னிவா வீட்டுக்கு ஓடினாள்.

"பேசாதேன்னு சொன்னேன்ல?"

"பேச வரலை. உங்கப்பா கப்பல் ஆறு மணிக்கு நம்ம கலங்கரை விளக்கத்தைத் தாண்டும். சைக்கிளை எடு!"

கலங்கரை விளக்கம் நிற்கும் முனையில் காற்று ஆளைத் தள்ளியது. தூரத்தில், கடலில் ஒரு நீலப் புள்ளி. சுன்னிவா அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, கப்பலோட வலது பக்கம் வந்து பாருப்பா! என் மஞ்சள் கோட்டு தெரியுதா?"

கோட்டைக் கழற்றிச் சுழற்றினாள். அதற்குள் போன் கட்டாகிவிட்டது.

"பாத்தாரா?"

"தெரியல."

புள்ளி மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

"உங்கம்மா மேல இன்னும் கோபம்தான்" என்றாள் சுன்னிவா.

"சரி."

"ரொம்பக் கோபம்."

"சரிடி."

சுன்னிவா முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறி முன்னால் போனாள். வளைவில் வேகத்தைக் குறைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கத்தினாள்:

"வர்றியா இல்லையா?"