கைப்பிடியில் கோத்த வளையல்கள்

மணிமங்கலத்தில் ரத்னா அம்மாவின் பழைய வீட்டுக்கு என் மனைவி செல்லக்கனியை வேலைக்குக் கூட்டிப்போனவன் நான்தான். 2012 ஐப்பசி. படப்பையில் எங்கள் அறையிலிருந்து ஷேர் ஆட்டோவில் கொஞ்ச தூரம். அவள் அம்மா இல்லாத பெண். அதனால் பக்கத்து அறைக்காரர்களே ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டிருந்தார்கள். "ரூமுல சும்மா கெடந்தா கிறுக்கு பிடிச்சிரும் அத்தான்" என்று அவள்தான் வேலை கேட்டாள். அவள் பிடித்தால் பிடித்ததுதான்.

வேலை எளிது. கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு பழைய பீங்கான் தேநீர் செட். ஓரத்தில் தங்கக்கோடு, நடுவில் நீலப்பூ. வாரம் ஒருமுறை கழுவ வேண்டும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில், ஒவ்வொன்றாக. நார் கூடாது. கைப்பிடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் கைகொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

"வளையல கழட்டிட்டுத்தான் தொடணும். கீறல் வுழும்" என்றார் ரத்னா அம்மா.

"பிரசவம் ஆகுத வரைக்கும் கழட்டக் கூடாதும்மா. இந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ள பிள்ளை அசையுது."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அப்போ வூடு பெருக்கினா போதும். அதத் தொடாத."

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஒரகடத்தில் கார் கம்பெனியில் கதவு மாட்டும் லைனில் இருக்கிறேன். பெயிண்டில் கீறல் விழாமலிருக்க மோதிரம், கடிகாரம் எல்லாம் மறையும்படி முழங்கை வரை துணி உறை மாட்டிக்கொள்வோம். கீறல்தானே பயம்? மறுவாரம் என் விடுமுறை நாளில் ஒரு ஜோடி உறையைக் கொண்டுபோய் வளையல் மேல் மாட்டிவிட்டேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். மாட்டிவிட்ட இந்தக் கையை இப்போது வெட்டி எறியலாம் போலிருக்கிறது.

ரத்னா அம்மா வெளியே போயிருந்தார். கீறல் விழாவிட்டால் திட்ட மாட்டார் என்று துணிந்து செட்டை எடுத்தோம். பகல் பதினோரு மணிக்கே மழை இருட்டு, கரண்டும் இல்லை. செல்லக்கனி ஒவ்வொரு கோப்பையாகக் கழுவித் தந்தாள். நான் துடைத்து அலமாரியில் வைத்தேன். எங்கிருந்தோ ஈரச் சந்தன வாசனை வந்தது. வளைகாப்பன்று அவள் கையில் பூசினார்களே, அதே வாசனை. கடைசிக் கோப்பையை வைத்துக் கதவைச் சாத்தினேன்.

உள்ளே ஏதோ சிணுங்கியது.

"அத்தான்... கை லேசா இருக்கு."

உறையை உருவினேன்.

வெறும் கை.

மற்றதையும் உருவினேன். அதுவும் வெறும் கை. உடைந்த சில்லு ஒன்றுகூட இல்லை.

அலமாரியைத் திறந்தேன். ஒவ்வொரு கோப்பையின் கைப்பிடியிலும் அவள் வளையல்கள், சாவி வளையத்தில் சாவி தொங்குவது போலக் கோத்துக்கொண்டு தொங்கின. வளையலில் விரிசல் இல்லை. கைப்பிடியிலும் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டில் ஒன்றை உடைக்காமல் எடுக்கவே முடியாது.

திரும்பி வந்த ரத்னா அம்மா, பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அண்ணியோட செட்டு இது. வளைகாப்புக்கு மொத நாளு போய்ட்டாங்க. வயித்துல புள்ளையோட."

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொல்லியிருந்தா இன்னா, நம்பியிருப்பியா, கொம்பையா?"

நம்பியிருக்க மாட்டேன். சிரித்திருப்பேன்.

"உடைச்சிரட்டுமா?"

"எத உடைப்ப? வளையல உடைச்சா இவளுக்கு ஆவாது. கப்ப உடைச்சா அவங்க இன்னா பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது."

அன்று மாலையிலிருந்து பிள்ளை அசையவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் ஸ்கேன் எடுத்தோம். துடிப்பு நன்றாக இருக்கிறது, தூங்குகிறது என்றார் டாக்டர். மூன்று நாளாகப் போகும்போதெல்லாம் அதே பதில். புது வளையல் வாங்கிப் போட்டேன். செல்லக்கனி அதை வயிற்றருகே குலுக்கிக் குலுக்கிக் கை ஓய்ந்தாள். ஒன்றுமில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அழக்கூடத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை, கெஞ்சியாவது கேட்போம் என்று அவளை மணிமங்கலத்துக்குக் கூட்டிப்போனேன். அலமாரி முன்னால் தரையில் உட்கார்ந்தோம்.

"திருப்பிக் குடுத்துருங்க தாயி" என்று கும்பிட்டேன்.

கண்ணாடிக்குள் வளையல்கள் மெல்லச் சிணுங்கின.

செல்லக்கனி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அசையுது அத்தான்! பிள்ளை அசையுது!" அழுதுகொண்டே சிரித்தாள்.

நான் வயிற்றில் கைவைத்துக் குனிந்தேன். "ஐயா... அப்பா வந்திருக்கேன்."

அசைவில்லை.

"நீயும் கூப்பிடுளா" என்றேன். அவள் தன் கையின் புது வளையல்களைக் குலுக்கிக் கூப்பிட்டாள்.

அசைவில்லை.

அலமாரிக்குள் மறுபடி சிணுங்கியது.

என் உள்ளங்கைக்குக் கீழே பிள்ளை மெதுவாகப் புரண்டு, அந்தப் பக்கம் திரும்பியது.