உள் தாழ்ப்பாள்

காலை பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்காரர் வந்துவிட்டார். குளியலறைப் பழுதைப் பார்த்துவிட்டு, செலவு யார் தலையில் என்று முடிவு கட்டவேண்டும். செலவென்றாலே மூக்கால் அழுகிற மனிதர். ஆனால் இரண்டு வருடம் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இப்போதுதான் ஒரு தையல்காரப் பெண் தனியாகக் குடிவந்திருந்தாள். அவளையும் விட்டுவிட மனமில்லை.

குளியலறையில் ஈரமும் துருவும் கலந்த வாடை அடித்தது. வாஷ்பேசின் இரண்டாகப் பிளந்திருந்தது. சுவரில், சரியாகத் தலை உயரத்தில், மூன்று டைல்ஸ் நொறுங்கியிருந்தன.

“நீ உடைச்சதுக்கு நான் எதுக்கும்மா தண்டம் அழணும்?”

“நான் உடைக்கல சார். நான் குளிக்கும்போதெல்லாம் யாரோ வெளியிலேர்ந்து கதவை இடிக்கிறாங்க. நேத்து உள்ளேயே வந்துடுச்சு.” சட்டைக் கையை மேலே இழுத்துக் காட்டினாள். முழங்கைவரை கன்றிப்போயிருந்தது. “மத்ததெல்லாம் அப்படியே கிடக்கட்டும். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் மட்டும் போட்டுக் குடுங்க. இல்லன்னா இன்னைக்கே காலி பண்றேன்.”

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. முன்பு குடியிருந்தவளும் இதே இடத்தில் நின்று இதையேதான் கேட்டாள். புருஷன் அடிக்கிறான் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால்தானா தெரியும்? உதடு கிழிந்து தொங்கியது. “புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரு, உங்களுக்குள்ள தாழ்ப்பாள் எதுக்கு?” என்று சிரித்துவிட்டுப் போனார் இவர். அடுத்த வாரம் அவள் இந்தக் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அவள் தலையை அந்தச் சுவரில் மோதி மோதியே கொன்றான். பிறகு அவனும் சிறையில் செத்துப்போனான்.

எல்லாம் மனப்பிரமை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, வீட்டுக்காரர் அவளைக் கூடத்துக்கு அனுப்பிவிட்டு, உள்ளே நின்றபடி கதவைச் சாத்திப் பார்த்தார்.

வெளியே காலடி கேட்டது. கனத்த காலடி.

“ஏம்மா, நீயா?”

“நான் அசையவே இல்ல சார்.” குரல் தூரத்திலிருந்து வந்தது.

முதல் இடியில் கதவு அவர் நெற்றியைப் பிளந்தது.

இரண்டாவதில் மூக்கு உடைந்து வாயெல்லாம் இரத்தம். திரும்பி முதுகைக் கொடுத்தார். ஈரத்தில் கால் வழுக்கிக்கொண்டே போனது. அப்போதுதான் தெரிந்தது, அவர் தோளை ஒட்டி இன்னொரு தோள் கதவைத் தாங்கிக்கொண்டிருந்தது. சின்னத் தோள். ஐஸாய்ச் சில்லிட்டிருந்தது, வெடவெடவென்று நடுங்கியது.

“போட்டுடுங்க,” என்று காதோரம் ஒரு பெண் கிசுகிசுத்தாள்.

“போடுறேன்! என் காசுலேயே போடுறேன்!”

இடி நின்றது.

அடுத்த தெருத் தச்சரை உடனே வரவழைத்தார். தச்சர் தடித்த இரும்புத் தாழ்ப்பாளாக ஒன்றை நாலு திருகாணி முறுக்கிப் பொருத்திவிட்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்தார். மொத்தம் கால்மணி நேர வேலை. இதை அன்றைக்கே செய்திருக்கலாமே என்று, கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, செத்தவள் கதையை இருவரிடமும் சொல்லி வீட்டுக்காரர் அழுதேவிட்டார்.

கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

தச்சர் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை.

“விட்டுடுங்கண்ணே,” என்றாள் தையல்காரப் பெண் மெதுவாக. “இனிமே அவங்களை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது.”

வீட்டுக்காரருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அது இறங்கி முடிவதற்குள் கூடத்தில் அந்தக் கனத்த காலடி கேட்டது. மூவரையும் கடந்து போய்க் கதவருகே நின்றது. ஒரே ஒரு முறை இடித்தது.

கதவு அசைந்துகொடுக்கவில்லை.

காலடி திரும்பியது.

தச்சரும் அந்தப் பெண்ணும் தெருவுக்கு ஓடினார்கள். வீட்டுக்காரரின் தலைமயிர் கொத்தாகப் பிடிபட்டது. சுவரில் முதல் மோதலிலேயே ஒரு கண் இருண்டது. அவர் தவழ்ந்துபோய்க் குளியலறைக் கதவை இரண்டு கையாலும் அறைந்தார்.

“திறம்மா! என்னையும் உள்ள விடும்மா!”

உள்ளே வாளியில் தண்ணீர் நிறையும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ நிதானமாக, அவசரமே இல்லாமல், குளிக்கத் தொடங்கினார்கள்.