அமைதி அறை

பசறைக் கடைத்தெருவைத் தாண்டிக் கருக்கமலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில், வாகனம் குலுங்கும்போதெல்லாம் ஆரூரன் முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தார். கொழும்பில் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர். ஐரோப்பியச் சிறைச்சாலைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, கைதிகளைத் திருத்துவது எப்படி என்று கண்டவர்களுக்கெல்லாம் வகுப்பெடுக்கிற ஆள். ஒரு கைதியோடும் உட்கார்ந்து பேசியதில்லை. அதற்கெல்லாம் அவருக்கு நேரம் எங்கே இருந்தது?

பல காலமாக மூடிக் கிடந்த கருக்கமலைத் தேயிலைத் தொழிற்சாலையைத்தான் சிறையாக மாற்றப் போகிறார்கள். மதில் தெரியாத சிறை, முள்கம்பி கண்ணில் படாத சிறை. தேயிலைச் செடிகளுக்குப் பின்னால் ஓர் ஆழமான அகழி ஒளிந்திருக்கும். ஜன்னல்கள் எல்லாம் மலையைப் பார்த்திருக்கும், ஆனால் ஒன்றையும் திறக்க முடியாது. கைதியைக் கைதி என்று சொல்லக் கூடாது, வதிவாளர் என்று சொல்ல வேண்டும். காவலர் இனி வழிகாட்டி. தண்டனைக் கூண்டுக்கு அமைதி அறை என்று பெயர். பெயரை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கையைத் தட்டிக்கொள்கிறவர்களுக்கு நம் நாட்டில் என்றைக்கும் மரியாதை உண்டு.

மாதிரிக்காக அங்கேயே பழைய அறை ஒன்றை அமைதி அறையாக மாற்றிக் கட்டி முடித்திருந்தார்கள். அதைப் பார்க்க அரசாங்கக் குழு வருகிற நாள் இது. அவர்கள் கையெழுத்துப் போட்டால் மாவட்டத்துக்கு ஒன்றாக இதே அறை எழும், எல்லாம் ஆரூரனின் பெயரில். போடாவிட்டால் அவருடைய அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான். வேறு வேலை எதுவும் அவர் கையில் இல்லை.

தொழிற்சாலை வாசலில் ஹாஷிம் காத்திருந்தார். பதுளைக்காரர், ஓய்வுபெற்ற ஜெயிலர், திட்டத்தின் பாதுகாப்பு ஆலோசகர். இந்த அறைக்காக இரண்டு பேரும் பிடித்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. வெளிச்சத்தம் ஒன்றும் உள்ளே வரக்கூடாது, அப்போதுதான் மனம் அடங்கும் என்றார் ஆரூரன். உள்ளே கைப்பிடி, ஓட்டை, மணி எதுவும் இருக்கக்கூடாது, இருந்தால் விடிய விடிய அடித்து உயிரை எடுப்பான்கள் என்றார் ஹாஷிம். கடைசியில் ஒருவர் கேட்டதை மற்றவர் விட்டுக்கொடுத்தார். பாதுகாப்பும் மறுவாழ்வும் சமநிலை கண்டன என்று அறிக்கையில் எழுதி, கேக் வெட்டிச் சாப்பிட்டார்கள். உள்ளே இருப்பவன் வெளியே வரவும் முடியாது, அவன் கத்தினால் யாருக்கும் கேட்கவும் கேட்காது. இதைத்தான் அந்த இரண்டு புத்திசாலிகளும் சேர்ந்து கண்டுபிடித்திருந்தார்கள்.

கூட்டிப் பெருக்க வந்திருந்த ரெங்கம்மா, ஆரூரனைக் கண்டதும் துடைப்பத்தை ஓரமாகச் சாத்திவிட்டு வந்தாள். அந்த அறையைப் பற்றி அவளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் அது தேயிலைப் பெட்டி அடுக்கும் அறை. சடையன் என்று ஒருவன், காலையில் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது அதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டான். திருந்தட்டும் என்று அவனை அந்த அறையில் போட்டுப் பூட்டினார்கள். மறுநாள் பெரட்டில் கங்காணி அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் உள்ளேயிருந்து பதில் சொன்னான். கல்சுவரைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. பூட்டியவர்களும் மறந்துபோய், ஆள் வரவில்லை என்று விட்டுவிட்டார்கள். அதோடு தீபாவளி லீவு. லீவு முடிந்து கதவைத் திறந்தபோது ஆள் முடிந்திருந்தான்.

"பனி எறங்குச்சுன்னா அங்க பெரட்டு கூப்புடுற சத்தம் கேக்கும் சார்," என்றாள் ரெங்கம்மா. "வாயத் தொறந்து பதில் சொல்லிறாதீங்க. சொன்னவங்க அவன் எடத்துல நிக்கணும். எங்க ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் வாயே தொறக்க மாட்டோம்."

ஆரூரன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. பேய்க்குப் பயந்துதான் இனிச் சிறை கட்ட வேணுமாக்கும் என்று ஹாஷிமிடம் சொல்லிச் சிரித்தார். குழு வரும்போது இந்த மாதிரி ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்றும் சொன்னார். ஹாஷிம் கையை வீசி அவளை விரட்டினார்.

மதியம் தாண்டியதும் குழு வந்தது. தலைமை ஜெயமலர் என்கிற அதிகாரி. கூட வந்த இரண்டு பேருக்கும் சாப்பாட்டு ஞாபகம்தான். ஜெயமலர் மட்டும் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார். அதுவரை அந்தத் திட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி.

"இதுக்குள்ள இருக்கிற ஆளுக்கு எப்பிடி இருக்கும்?"

ஆரூரன் தன் வழக்கமான சிரிப்பைச் சிரித்தார். "நீங்கள் போய்ச் சாப்பிட்டிட்டு வாங்கோ. நான் இருந்து காட்டுறன்."

ஹாஷிம் கதவைச் சாத்தினார். தாழ் விழுந்த சத்தம்கூட உள்ளே கேட்கவில்லை. ஆரூரனுக்குப் பெருமையாக இருந்தது.

சிமெந்துத் திண்டில் காலை நீட்டி உட்கார்ந்தார். மங்கலான மஞ்சள் வெளிச்சம், புதுப் பெயிண்ட் வாசம். குழுவிடம் சொல்ல நல்ல வசனங்களை மனதுக்குள் அடுக்கினார். கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் வாசம் போய் வேறொரு வாசம் வந்தது. கருகிய தேயிலையும் நனைந்த சாக்கும் கலந்த வாசம். பழைய கட்டடம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாதத்திலிருந்து குளிர் ஏறியது. மலையில் பனி இறங்கியிருக்க வேண்டும். அதை எட்டிப் பார்க்க இந்த அறையில் அவர் ஜன்னல் வைக்கவில்லை.

அப்போது எங்கோ தப்புப் பறை அடிக்கும் சத்தம் கேட்டது.

ஆரூரன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருக்கத்தானே மாதக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார். இந்தச் சுவருக்குள் பஞ்சுப் பலகை, அதற்குள் இன்னொரு சுவர். தப்பு நின்றது. ஒரு கிழட்டுக் குரல் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு திசையிலிருந்து பதில் வந்தது.

"சடையன்."

பதில் இல்லை.

"சடையன்."

ஆரூரனுக்குப் பக்கத்தில் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திண்டில் தன் பக்கத்து இடம் கனத்து அழுந்துவது தெரிந்தது. இது ஹாஷிம் செய்கிற கோமாளித்தனம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். அவராலேயே நம்ப முடியவில்லை.

"நானு சொல்றேங்க," என்றது காதோரமாக ஒரு குரல். "அவுங்களுக்குத்தான் கேக்க மாட்டேங்குது. நீங்க படிச்சவுங்க. நீங்க சொன்னா கேக்கும்."

ஆரூரன் பாய்ந்து போய்க் கதவில் அறைந்தார். பஞ்சு அடியை வாங்கிக்கொண்டது. கத்தினார். அவருடைய குரல் அவருடைய காதுக்கே சரியாக எட்டவில்லை. கைப்பிடியைத் தேடி இரண்டு கையாலும் கதவைத் தடவினார். எங்கே இருக்கப் போகிறது? அதற்குச் சம்மதம் சொன்னவரே அவர்தானே.

விளக்கு மங்கிக்கொண்டே வந்து அணைந்தது.

ஈரமான கை ஒன்று அவர் புறங்கையைப் பிடித்தது. அதில் கோபமில்லை. நெடுநாள் கெஞ்சிக் கெஞ்சிக் களைத்துப்போன கை.

"சடையன்," என்றது வெளிக்குரல், கடைசித் தடவையாகக் கேட்பது போல.

"இருக்கிறன்," என்று அலறினார் ஆரூரன். "நான் இருக்கிறன். கதவைத் திறவுங்கோ."

கை விட்டது.

கதவு திறந்தது. பனியோடு கலந்து வெளிச்சம் உள்ளே வந்தது. வாசலில் ஹாஷிமும், அவருக்குப் பின்னால் ஜெயமலரும் நின்றார்கள். ஆரூரன் எழுந்தார். எழ நினைத்தார். அவருக்கு முன்னே இன்னொருவன் எழுந்து நடந்தான். அவருடைய சட்டை, அவருடைய கண்ணாடி, அவருடைய முதுகு. வாசலைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டான். ஹாஷிம் இருட்டுக்குள் ஒரு தரம் பார்த்தார். அவர் பார்வை ஆரூரனின் மீது பட்டு, அங்கே எதுவும் இல்லாதது போல நகர்ந்தது. கதவு சாத்தப்பட்டது.

இப்போது வெளியே பேசுவதெல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

எப்படி இருந்தது என்று ஜெயமலர் கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க," என்றது ஆரூரனின் குரல். "எப்பேர்ப்பட்ட ஆளும் இதுக்குள்ள திருந்திருவான்."

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய மனிதர் தோட்டத்துப் பேச்சுக்கூடப் பழகிவிட்டார், என்ன பணிவு என்று ஒருவர் மெச்சினார். இத்தனை வருடத்தில் ஆரூரனைப் பற்றி யாரும் பணிவு என்று சொல்லிக் கேட்டதில்லை. அவர் சுவரில் தலையை மோதிக்கொண்டு கத்தினார். உள்ளே இருப்பவனுக்கு எப்படி இருக்கும் என்று கேட்ட அந்த ஒரே மனுஷியும் திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். மாவட்டத்துக்கு ஒன்று. அடுத்த மாதமே வேலையைத் தொடங்கலாம்.

வாகனங்கள் இறங்கிப் போயின. சத்தம் அடங்கியதும் மறுபடியும் தப்பு அடித்தது. பெயர்கள் வரிசையாக வந்தன.

"ஆரூரன்."

"இருக்கிறன்," என்றார் அவர்.

"ஆரூரன்."

"இருக்கிறன். இங்கதான் இருக்கிறன்."

"ஆளு வரல்ல," என்றது கிழட்டுக் குரல். அடுத்த பெயருக்குப் போய்விட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் துடைப்பம் உரசும் சத்தம் நெருங்கி வந்தது. ஆரூரன் சுவரோடு வாயை வைத்தார். ரெங்கம்மா அக்கா என்று கூப்பிட்டார். வாழ்நாளில் எந்தத் தோட்டத்துப் பெண்ணையும் அக்கா என்று கூப்பிடாத வாய். கதவை மட்டும் திறந்துவிடுங்கோ, கும்பிடுறன் என்று அழுதார்.

துடைப்பம் நின்றது. அவளுக்குக் கேட்டிருந்தது. இரண்டடி தூரத்தில் அவள் மூச்சு வாங்குவது அவருக்கும் கேட்டது. அவர் மறுபடி கூப்பிட்டார். அவள் பதில் சொல்லவில்லை. கால்கள் வேகமாக விலகிப்போய்ப் படியில் இறங்கின. கீழே காத்திருந்த பெண்ணிடம் அவள் தாழ்ந்த குரலில் சொன்னது மட்டும் மேலே வந்தது.

"கொரலு மாறியிருக்கு. இது வேற ஆளு. வா, போயிருவோம்."