விரல் நுனியில் ஒரு பொய்!

கீங்... கீங்... கீங்...!

மேஜை மேலிருந்த போன் அலறியது. முதலாளியின் புஜத்தில் ஒட்டியிருந்த சென்சார், 'சர்க்கரை பாதாளத்துக்குப் போகுதுய்யா!' என்று போன் வழியாகக் கூப்பாடு போட்டது.

கேட்கும் நிலையில் முதலாளி இல்லை. பேக்கரியின் பின்னறையில், மைதா மூட்டைக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தார்.

"ஐயோ... என்னங்க!"

மனைவி போட்ட அலறலில் கடையே கூடிவிட்டது.

ஆம்புலன்ஸ் அவரை அள்ளிக்கொண்டு போன கொஞ்ச நேரத்தில், டாக்டர் போலீஸைக் கூப்பிட்டார்.

"உயிர் ஊசலாடுது. தேவையே இல்லாத இன்சுலினை யாரோ இவருக்கு ஏத்தியிருக்காங்க!"

இன்ஸ்பெக்டர் பேக்கரி வாசலில் ஜீப்பிலிருந்து இறங்கினாள். காக்கிச் சட்டையில் க்ரீம் பன் துகள்.

"தட்டி விடுங்க மேடம். உடம்புக்கு ஆகாது," என்றார் ஏட்டு.

"எங்க பரம்பரையிலேயே சுகர் கிடையாது ஏட்டய்யா. உங்களுக்குப் பொறாமை!"

முதலாளியின் மனைவி மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னாள்.

"சென்சார் எண்பதுன்னுதான் காட்டிச்சும்மா. என் தம்பிதான், 'அது பீலா விடும்க்கா, விரல்ல குத்திப் பாக்கலாம்'னான். குத்தினா... நானூறு! ரெண்டும் முட்டிக்கிட்டா விரலை நம்புங்கன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. அதான் தம்பி நானூறுக்கு உண்டான ஊசியைப் போட்டான்."

தம்பி முன்னால் வந்தான். வழவழவென்று பேசினான்.

"போன வாரம் மாமா அந்தக் கை மேலயே படுத்துத் தூங்கிட்டாரு மேடம். கை அமுங்கினதுக்கே சென்சார் ஐம்பதுன்னு கத்தி ஊரைக் கூட்டிடுச்சு. விரல்ல பாத்தா நூத்திப் பத்து! அதைப் போய் நம்புவாங்களா?"

"வாஸ்தவம்தான். சென்சார் அளக்கறது தோலுக்கடியில இருக்கற நீரை. ரத்தத்துக்குக் கொஞ்சம் பின்னாடிதான் நொண்டிக்கிட்டு வரும். ஆனா எண்பதுக்கும் நானூறுக்கும் நடுவுல லாரியே ஓட்டலாமே!"

இன்ஸ்பெக்டர் அக்கா பக்கம் திரும்பினாள்.

"குத்தறதுக்கு முன்னாடி கை கழுவினாரா?"

"பேக்கரிக்காரர் கையாச்சே, எப்பவும் சர்க்கரை ஒட்டியிருக்கும். அதனால தம்பியே ஈரத் துண்டால துடைச்சு விட்டான். அதோ, அந்த நீலத் துண்டு."

இன்ஸ்பெக்டர் தம்பியைப் பார்த்தாள்.

"விரல் பொய் சொல்லாது தம்பி. விரல் மேல ஒட்டினது சொல்லும்! துண்டை சர்க்கரைப் பாகுல நனைச்சிருந்தா...?"

"அபாண்டம்!"

"பாத்துடுவோம்."

இன்ஸ்பெக்டர் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கர்ச்சீப்பில் துடைத்தாள். பிறகு இடது கை விரலை மட்டும் அந்தத் துண்டில் தேய்த்தாள். புது ஊசி. ஒரு சொட்டு ரத்தம்.

முதலாளியின் மீட்டர் காட்டியது... 318!

"சுகரே இல்லாத எனக்கு முன்னூத்திப் பதினெட்டு! இப்ப என்னடா சொல்றே?"

அவன் முகம் வெளிறியது.

"அது எப்படி...? சோப்பு போட்டு ரெண்டு தடவை அலசினேனே! ஒரு சொட்டுப் பாகுகூட இல்லாம..."

சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை!

அக்காவின் கை அவன் கன்னத்தில் இறங்கியது.

"பாவி! அவர் உனக்கு என்னடா குறை வெச்சாரு?"

"கல்லாவுல உக்காந்திருந்த என்னைத் தூக்கி அடுப்படியில போட்டாருக்கா! எல்லார் முன்னாடியும்!"

ஏட்டு விலங்கை மாட்டினார். அதே நேரம் இன்ஸ்பெக்டரின் போன் ஒலித்தது. டாக்டர்தான்.

"கண் முழிச்சுட்டாரு. பிழைச்சுக்குவாரு."

மனைவி மைதா மூட்டை மேலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். இன்ஸ்பெக்டர் கெத்தாகத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

ஏட்டு தலையைச் சொறிந்தார்.

"மேடம்... நல்லா அலசிட்டேன்னு அவனே சொல்றான். துண்டு படாத வலது கையிலயும் ஒருதடவை பாத்துடுங்களேன். ரிப்போர்ட்ல எழுதணும்."

"அதுக்கென்ன, தொண்ணூறு இருக்கும்!"

குத்தினாள்.

321!

துண்டு சுத்தமாகத்தான் இருந்தது. முன்னூறு சொச்சமும் இன்ஸ்பெக்டரின் சொந்த ரத்தம்!

இன்ஸ்பெக்டர் மீட்டரை மெல்ல மேஜை மேல் வைத்தாள்.

"ஏட்டய்யா..."

"மேடம்?"

"ஜீப் சீட்டுக்கு அடியில இன்னும் ரெண்டு க்ரீம் பன் பதுங்கியிருக்கு. அதையும் சேர்த்து அரெஸ்ட் பண்ணுங்க!"