அறுபத்து நாலாவது குரல்

கந்தப்பன் முதல் தடவை இறந்தது அன்னூரில், சித்திரை மாதம், வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பில். இரண்டாம் தடவை இறந்தது ஆர்.எஸ்.புரத்தில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது தளத்தில், ஆவணி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றரை மணிக்கு, மருமகன் கிருபாசங்கர் தட்டிய ஒரே ஒரு சொல்லால்.

அந்தச் சொல் 'கூட்டு'.

கிருபாவுக்குப் பம்ப் கம்பெனி ஒன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பளம் அதற்கு, ஆர்வமெல்லாம் சோம்பலில். ஒரு நீளமான கட்டளையை இரண்டாம் முறை தட்ட நேர்ந்தால் விரல் நோகிறது என்று அதை நாலு வரி ஃபங்ஷனாக எழுதி, ஒரு செல்லப் பெயரும் வைத்துவிடுவான். 'ஊடு' என்று தட்டினால் வீட்டு ஃபோல்டருக்குப் போகும். 'கூட்டு' என்று தட்டிப் பக்கத்தில் ஒரு ஃபோல்டரின் பெயரைக் கொடுத்தால், அதிலுள்ள அத்தனையையும் குப்பையாகப் பெருக்கி அழித்துவிடும். பெயர் கொடுக்க மறந்தால், நிற்கிற இடத்தையே கூட்டிவிடும். 'நிஜமாகத்தானா?' என்று கேட்கிற ஒரு வரி அதில் முன்பு இருந்தது. தினமும் அதற்குப் பதில் சொல்ல அலுத்துப்போய் அவனேதான் எடுத்துப்போட்டான்.

இன்று பெயர் கொடுக்க மறந்தான். நின்றுகொண்டிருந்த இடம் 'அப்பா' ஃபோல்டர்.

அதில் இருந்தவை அறுபத்து மூன்று குரல் பதிவுகள். கந்தப்பனுக்கு வாட்ஸ்அப்பில் எழுத வராது, மாப்பிள்ளைக்கான சேதியையும் மகள் பிரவீனாவின் போனுக்கே பேசித்தான் அனுப்புவார். அந்த போன் போன மாதம் துணி ஊறவைத்த வாளியில் விழுந்து செத்துப்போனது. அதற்குப் பிறகு அவள் அப்பாவின் குரல் உலகத்திலேயே இந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அவளுக்காகவே 'அப்பா' என்று ஒரு ஃபங்ஷனும் எழுதிக் கொடுத்திருந்தான். அந்த ஒரு சொல்லைத் தட்டினால் போதும், அடுத்த பதிவு பேசும். மத்தியானம் தூங்கி எழுந்து ஐந்து மணிக்கு ஒன்று, ராத்திரி படுக்கும் முன் ஒன்று. அதைக் கேட்டால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது. முந்தாநாள்தான் அவளுக்குக் கர்ப்பத்தின் ஏழாம் மாதம் பிறந்திருந்தது. பிரஷர் ஏறக்கூடாது, மனசு கலங்கக்கூடாது என்று டாக்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

படுக்கையறைக் கதவு ஒருக்களித்திருந்தது. அவள் மூச்சு சீராகக் கேட்டது. ஐந்தாக இன்னும் ஒன்றரை மணி நேரம்.

உவைஸுக்குப் போன் போட்டான். ஆபீஸில் பக்கத்து இருக்கை.

"உவைஸ், அழிச்சது திரும்ப வருமா?"

"பேக்கப் வெச்சிருக்கியா பங்கு?"

"வருமா, வராதா? நேரா சொல்லு."

"வரலாம். வராமயும் போகலாம். ஆமா, போன வாரம் ஜூனியருங்களுக்கு பேக்கப் பத்தி கிளாஸ் எடுத்தது நீதான?"

போனை வைத்தான்.

அழிப்பது என்றால் உண்மையில் அழிப்பதல்ல. பெயரை மட்டும் எடுப்பது. வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் ஆள் வீட்டைக் காலி செய்துவிட்டதாக அர்த்தமில்லை. இதையும் அந்த கிளாஸில் அவன்தான் சொன்னான், கைதட்டுகூட வாங்கினான். டிஸ்க்கைத் துழாவி, குரல் மாதிரி எது தென்பட்டாலும் பென் டிரைவில் எடுத்துப்போட ஒரு ஃபங்ஷன் எழுதினான். 'மீட்பு' என்று பெயர் வைத்தான். பழனி முருகனுக்கு ஒரு மொட்டை நேர்ந்துகொண்டு என்டரை அழுத்தினான்.

திரையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிகள் ஏறின. வெளியே மழைக்கு முன்னான புழுக்கம். ஏசி பெட்டியின் மேல் புறாக்கள் முனகின. நாற்பது. அறுபது. அறுபத்து மூன்று. அவன் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டுத் திறந்தபோது அறுபத்து நான்கு.

ஒன்று கூடுதலாக எண்ணிவிடுவது அவன் கைக்குப் பழகிய தவறுதான். ஆனால் அறுபத்து நாலாவதற்கு நேராக இன்றைய தேதியும், இப்போதைய நேரமும் இருந்தன.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பதிவை ஓட்டினான். மாமனாரின் குரல், மகளை 'அம்மணி' என்கிற அதே குரல், அச்சு அசல். "மாப்ள, நல்லா இருக்கீங்களா? அம்மணி சாப்பிட்டுதுங்களா?" கடைசிப் பதிவையும் ஓட்டினான். "ஏழாம் மாசம் நானே வந்து அம்மணியக் கூட்டிட்டுப் போறேனுங்க." அதைக் கேட்டுவிட்டு அன்று கிருபா அவரைப் போனில் கூப்பிட்டு, குழந்தை பிறந்தபின் எத்தனாம் மாதம் திருப்பிக் கொண்டுவந்து விடுவார் என்று கேட்டிருந்தான். வழக்கமாகக் கேட்பதுதான். கந்தப்பனோ எதற்கும் நேராகப் பதில் சொல்லாத மனிதர். வாழைத்தார் என்ன விலைக்குப் போனது என்று கேட்டால் "போச்சுங்க, அதுக்கென்னங்க" என்பார். இதற்கும் "அதுக்கென்னங்க மாப்ள, பாக்கலாமுங்க" என்றார். மூன்றாம் நாள் இறந்தார்.

அறுபத்து நான்கை ஓட்டினான்.

முதலில் காற்று. பிறகு டீசல் எஞ்சினின் நீண்ட உறுமல், தளர்ந்த ஜன்னல் கண்ணாடிகள் கடகடப்பது, எங்கோ தூரத்தில் "காந்திபுரம், காந்திபுரம்" என்று ஒரு கண்டக்டர். எல்லாவற்றுக்கும் நடுவில், மைக்கை ஒட்டியபடி, யாரோ மாமனாரைப் போலவே மூக்குப்பொடியை உறிஞ்சும் சத்தம். இரண்டு முறை. பேச்சு இல்லை.

பழைய பதிவாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பென் டிரைவைத் துடைத்துவிட்டு 'மீட்பு' என்று மறுபடி தட்டினான்.

அறுபத்தைந்து.

ஆட்டோ. கூரைமேல் மழை. ஜன்னலைப் பார்த்தான், மழை அப்போதுதான் தொடங்கியிருந்தது. கந்தப்பனின் குரல்: "ஆர்.எஸ்.புரமுங்க. எவ்வளவு வேணுமுங்க?" பிறகு பதில் வரவேண்டிய அளவுக்கு ஓர் இடைவெளி. அதில் மழை மட்டும். "அதுக்கென்னங்க, போலாமுங்க."

கை தானாகவே மறுபடி தட்டியது. நின்றிருக்கலாம். ஆனால் பிழையைக் கண்டுபிடிக்காமல் எழுந்து போகிற வித்தையை அவனுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அறுபத்தாறு.

கம்பிக் கதவு இழுபடும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல், மிகத் தெளிவாக: "மூன்றாவது தளம்."

அது அவர்கள் கட்டிடத்து லிஃப்ட். அந்தப் பெண் குரலை லிஃப்ட்காரர்கள் மாட்டியது போன வாரம்.

விரல்களை விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். எதையும் தட்டவில்லை. திரையில் ஒரு வரி ஏறியது.

அறுபத்தேழு.

ஹெட்போனில் ஒரு கனைப்பு. வாசலில் வந்து நின்றதும் மாமனார் தொண்டையைச் செருமும் அந்த இரட்டைக் கனைப்பு. ஹெட்போனைக் கழற்றினான்.

கனைப்பு மறுபடி கேட்டது. வாசல் கதவுக்கு அந்தப் பக்கம்.

கந்தப்பன் மருமகன் வாயால் 'வாங்க' கேட்காமல் இந்த வீட்டு நிலைப்படியைத் தாண்டியதே இல்லை. ஒருமுறை கிருபா குளித்துக்கொண்டிருந்தான். கதவு ஆவென்று திறந்திருந்தது. மகள் "உள்ள வாங்கப்பா, உள்ள வாங்கப்பா" என்று கெஞ்சினாள். அவர் வாழைத்தாரைத் தோளில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வெளியிலேயே நின்றார். மாப்பிள்ளை கூப்பிட வேண்டும். அது மரியாதை.

"ஏனுங்க மாப்ள, ஊட்ல இருக்கீங்களா?"

பேசாமல் இருந்திருக்க வேண்டும். மேசைக்கடியில் நுழைந்திருக்கலாம். பால்கனியிலிருந்து குதித்திருக்கலாம். ஆனால் மாமனார் வாசலில் நின்றால் கொங்கு நாட்டு மருமகனின் நாக்குக்கு மூளையின் உத்தரவு தேவையில்லை.

"வாங்க மாமா. உள்ள வாங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதுக்கே கேட்டது.

கதவு திறக்கவில்லை. தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. ரப்பர் செருப்பு இரண்டும் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் மட்டும், கதவுக்கு இந்தப் பக்கம், மிதியடியின் மேல். ஈர மண்ணும் வாழைக்கறையும் மூக்குப்பொடியும் கலந்த வாடை கூடத்தின் குறுக்கே மெல்ல நகர்ந்து அவனைக் கடந்து போனது. பிரம்பு நாற்காலி முனகியது. அதன் மெத்தை ஓர் ஆள் உட்கார்ந்த அளவுக்கு அமுங்கியது.

அவன் செய்யத் தெரிந்ததைச் செய்தான். 'மீட்பு' ஃபங்ஷனை அழித்தான். 'அப்பா' ஃபங்ஷனையும் அழித்தான். போய்விட்டதா என்று பார்க்க 'அப்பா' என்று தட்டினான். அப்படி ஒரு கட்டளை இல்லை என்று திரையில் வர வேண்டும்.

"சொல்லுங்க மாப்ள," என்றது நாற்காலி.

லேப்டாப்பை மூடினான். பிளக்கைப் பிடுங்கினான்.

போகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். வாயைத் திறந்தான். 'போங்க' வரவில்லை. முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு பெரிய மனிதரைப் பார்த்து ஒருமுறைகூட அவன் அந்தச் சொல்லைத் தனியாகச் சொன்னதில்லை. தொண்டையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்: போயிட்டு வாங்க. அதிலும் ஒரு 'வாங்க' ஒட்டிக்கொண்டிருந்தது, அதைச் சொல்லக்கூடாது. எந்தக் காரணத்தைக் கொண்டும் சொல்லக்கூடாது.



சுவர்க் கடிகாரம் ஐந்தைத் தொட்டது.

படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. அலமாரி திறந்தது. ஜிப் இழுபட்டது. வெகு நேரம் இழுபட்டது.

பிரவீனா வெளியே வந்தாள். தலை சீவிப் பின்னியிருந்தாள். அறுபதாம் கல்யாணத்தில் அவள் அப்பா எடுத்துக் கொடுத்த கத்தரிப்பூ நிறப் புடவை. கையில் பெரிய பை. தூக்கத்திலேயே நடப்பவள் மாதிரி இருந்தாள். முகத்தில் மட்டும் நாலு மாதமாக இல்லாத ஒரு சிரிப்பு.

"ஏனுங்க, அப்பா வந்து உக்காந்திருக்காரு. ஒரு வாய் தண்ணி குடுத்தீங்களா?"

"பிரவீ. அங்க யாரும் இல்ல. பிரவீ, என்னைப் பாரு."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். "வாரேனுங்கப்பா, செருப்பு போட்டுக்கறேன்."

ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தான். ஜில்லென்றிருந்தது. ஓடைக்கல் மாதிரி. பிடியை விடவில்லை. ஆனால் அவள் நடந்தாள். அவனும் கூடவே தரையில் இழுபட்டுப் போனான். மெத்தையின் பள்ளம் மெல்ல மேலெழுந்து சமமானது. பிரம்பு முனகியது. அவள் கையிலிருந்த பை அவள் விரலை விட்டு விலகி, தரையில் படாமல், முழங்கால் உயரத்தில் தொங்கியபடி வாசலுக்கு முன்னால் போனது. அவளது வெறும் கை, எதையோ பற்றிக்கொண்டு, குழந்தை ஒற்றை விரலைப் பிடிக்கிற மாதிரி மடங்கியது.

மிதியடியில் இரண்டு ஈரத் தடங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பின.

தாழ்ப்பாள் தானாக விலகியது. அவள் வயிற்றுக்குள் எதுவோ புரண்டது. அவளைச் சுற்றி வளைத்திருந்த அவன் மறுகைக்குத் தெரிந்தது. அப்புறம் புரளவில்லை.

வேறு எதுவும் வரவில்லை அவனுக்கு. மருமகன் கேட்கிற கேள்விதான் வந்தது. அழுகையோடு வந்தது.

"எத்தனாம் மாசம் கொண்டாந்து உடுவீங்க மாமா?"

மூக்குப்பொடி உறிஞ்சும் சத்தம். ஒருமுறை. இரண்டு முறை. வராந்தாவில் லிஃப்ட் வந்து நின்றது.

"கொண்டாந்து உடறதில்லீங்க மாப்ள."