குளிர்காலப் பெட்டிகள்

அந்த மரப்பெட்டியின் இடுக்கிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது.

ஹார்ட்முட் கெல்ரிஷ் நடையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். நவம்பர் பிறந்துவிட்டால் போட்ஸ்டாம் தோட்டங்களில் பளிங்குச் சிலைகளையெல்லாம் பனி தாக்காதபடி பலகை அடித்து மூடிவிடுவார்கள். ஆளுயரத்துக்கு மேலே சாம்பல் வண்ணம் அடித்த பெட்டிகள், தலையில் சின்னக் கூரை, காற்றோட்டத்துக்கு விரலளவு இடுக்கு. இளமையில் பத்து வருஷம் இதே தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர். எத்தனையோ பெட்டிகளைத் தன் கையாலேயே திருகாணி போட்டு மூடியிருக்கிறார். அதில் ஒன்றுகூட மூச்சு விட்டதில்லை. இதுவோ, குளிரில் நிற்கும் மனிதன் வாயிலிருந்து வருவதுபோல, கொஞ்சம் வெள்ளையாக விட்டு, நிறுத்தி, மறுபடி விட்டது.

ஏரியிலிருந்து எழும் மூடுபனியாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மணி நாலுகூட ஆகவில்லை, அதற்குள் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மட்கிய இலை வாசனை, ஏரித் தண்ணீரின் பாசி வாசனை, எங்கோ யாரோ விறகு எரிக்கும் வாசனை. மரங்களுக்கு அப்பால் அரண்மனையின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.

"என்ன, கால் வலிக்குதா?" முன்னால் போய்க்கொண்டிருந்த அவர் மனைவி இர்மேலா திரும்பிப் பார்த்தாள். "காலைல இருந்து மூணு அரண்மனை பார்த்தாச்சு, ஒண்ணுக்காவது வாயைத் திறந்தியா? பிறந்தநாளுக்கு ஊர் சுத்த ஆசைப்பட்டேன். துக்கத்துக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றே."

"பாத்தது போதும், இர்மேலா. ஓட்டலுக்குப் போவோம்."

"இந்த ஏரிக்கரையைப் பாக்கத்தானே வந்தேன்."

நாற்பது வருஷமாக அவர் இந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. இருவரும் ரோஸ்டாக்கில் குடியேறி, அங்கேயே வயதாகிப்போனார்கள். இந்த முறை அவள் தானே ரயில் டிக்கெட் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள். ஏன் திடீரென்று என்று கேட்டதற்கு, தோன்றியது என்றாள். அவ்வளவுதான்.

டொக்.

பெட்டிக்குள்ளிருந்துதான். மரத்தில் விரல்முட்டி படும் சத்தம், இரண்டு முறை, கொஞ்சம் இடைவெளி, இன்னொரு முறை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். தூக்கத்தில் கேட்டிருக்கிறார், குளிக்கும்போது குழாய்க்குள் கேட்டிருக்கிறார், ஒருமுறை சொந்தக் கல்யாணத்தன்று, எல்லோரும் கோப்பைகளை மேசையில் வைத்துக்கொண்டிருந்த நேரத்தில் கேட்டிருக்கிறார்.

அது எண்பத்துநான்காம் வருஷ நவம்பர். அப்போது நாடு இரண்டாகப் பிளந்து கிடந்தது; இதே கரையோரமாகத்தான் எல்லைச் சுவர் ஓடியது. ஏரிக்கு அக்கரை மேற்கு பெர்லின். உல்ஃப் கார்சுங்கே அவரோடு வேலை பார்த்த தோட்டக்காரன், ஒரே நண்பன், அப்போது இர்மேலாவின் புருஷன். அக்கரைக்குப் போய்விடுவது, பிறகு எப்படியாவது மனைவியை வரவழைத்துக்கொள்வது என்று உல்ஃப் முடிவு செய்திருந்தான். பழுது பார்க்க எடுத்துப் போன ஒரு சிலையின் பெட்டி காலியாக நின்றது. நண்பகலில் அவன் அதற்குள் ஒளிந்துகொள்வான், காவல்காரர்களுக்குச் சந்தேகம் வராதபடி ஹார்ட்முட் வெளியிலிருந்து நாலு திருகாணியையும் முடுக்கிவிடுவான், மாலை ஆறு மணிக்கு மூடுபனி இறங்கியதும் வந்து கழற்றிவிடுவான். அதுதான் பேச்சு.

ஆறு மணிக்கு ஹார்ட்முட் வரவில்லை. ஒரு பை நிறையப் பிளம்ஸ் பழம் வாங்கிக்கொண்டு இர்மேலாவைப் பார்க்கப் போனான்.

அன்று இரவு உறைபனி பிடித்தது. மறுநாள் தள்ளுவண்டியோடு பெட்டியைத் தாண்டிப் போகும்போது தட்டும் சத்தம் கேட்டது. இரண்டு, ஒன்று. அதற்கு மறுநாளும் கேட்டது. கத்தினால் காவல்காரன் வருவான், சுட்டாலும் சுடுவான் என்று உல்ஃப் வாய் திறக்காமல் தட்டினான், நண்பனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. மூன்றாம் நாள் மெல்லக் கேட்டது. நாலாம் நாள் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்னால் வந்து, ட்யூலிப் கிழங்கு நடத் தோண்டி வைத்திருந்த பாத்தியில் அவனைப் புதைத்து, மேலே கிழங்குகளை நட்டான். கிறிஸ்துமஸ் சமயத்தில் மேற்கிலிருந்து இர்மேலாவுக்கு ஒரு கார்டு வந்தது: 'எனக்காகக் காத்திருக்காதே.' அதை எழுதியதும் ஹார்ட்முட்தான், ஆள் பிடித்து அக்கரையில் தபாலில் சேர்த்ததும் ஹார்ட்முட்தான். அவள் ஒரு வருஷம் அழுதாள். பிறகு உல்ஃபைச் சபித்தாள். பிறகு ஹார்ட்முட்டைக் கட்டிக்கொண்டாள்.

டொக் டொக். டொக்.

இர்மேலா திரும்பி வந்தாள். அவரைத் தாண்டி நேராகப் பெட்டியிடம் போய், கம்பளித் தொப்பியை ஒதுக்கிவிட்டு இடுக்கில் காதை வைத்தாள்.

"என்ன பண்றே?" அவர் குரல் கீச்சென்று வந்தது.

அவள் கையைக் காட்டி அடக்கினாள். கேட்டாள். தலையை ஆட்டினாள். ஒருமுறை மெல்லச் சிரிக்கக்கூடச் செய்தாள், அவரிடம் அவள் ஒருநாளும் சிரித்திராத, இருபது வயதுப் பெண்ணின் சிரிப்பு.

"அந்தப் பிளம்ஸ் இனிப்பா இருந்துச்சான்னு கேக்கறான்" என்றாள்.

ஹார்ட்முட் ஓரடி பின்னால் வைத்தார்.

"செப்டம்பர்ல இந்த ஊர்ப் போலீஸ் போன் பண்ணாங்க" என்றாள் அவள், காதை எடுக்காமலே. "நீ பல் டாக்டர்கிட்ட போயிருந்தே. தண்ணிக் குழாய் போடத் தோண்டினப்போ எலும்பு கிடைச்சுதாம். மோதிரத்துக்குள்ள என் பேர் இருந்துச்சாம். அன்னைக்கு ராத்திரியும் உனக்குச் சூப் வெச்சேன். ருசியா இருக்குன்னே."

"இர்மேலா, அது... எனக்கு எதுவும்..."

"எங்கிட்ட ஏன் சொல்றே? அவன்கிட்ட சொல்லு."

"உள்ளே யாரும் இல்லை!" அவர் கத்தியே விட்டார். "உனக்குப் புத்தி பிசகிப்போச்சு. வெறும் சிலை! கல்லு!"

அப்போதுதான் பார்த்தார். நாலு திருகாணிகளும் கீழே ஈர இலைகளின்மேல் கிடந்தன. முன்பலகை தானாகவே ஒரு சாண் விலகியிருந்தது.

காலியாகத்தான் இருக்கும். இருந்தே ஆக வேண்டும். காட்டிவிட்டால் போதும். கல்லைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை என்று அவள் கண்ணால் பார்த்துவிட்டால், போலீஸ், மோதிரம் எல்லாவற்றுக்கும் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், நாற்பது வருஷம் சமாளிக்கவில்லையா? பலகையை வெடுக்கென்று இழுத்தார். உள்ளே பளிங்குப் பெண் ஒருத்தி, கையில் திராட்சைக் குலையோடு, கண்மணி இல்லாத கண்களோடு நின்றாள். பழைய மரத்தின் நெடி. அதற்கு அடியில் வேறொரு நெடி.

"பார்! நல்லாப் பார்!" ஒரு காலை உள்ளே வைத்தார். பிறகு மறு காலையும். சிலையின் தோளுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். "ஒண்ணுமே..."

கை எதிலோ பட்டது.

துணி. நனைந்த கம்பளித் துணி. அதற்குள் ஏறி இறங்கும் மார்பு.

முன்பலகை அறைந்து மூடிக்கொண்டது.

இருட்டு. நெஞ்சோடு பலகை, முதுகோடு பளிங்கு. முட்டினார். அசையவில்லை. இடுக்கு வழியாகப் பார்த்தார். இர்மேலா ஐந்தடி தள்ளி நின்றாள். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள் இருந்தன. ஆனாலும் திருகாணி ஏறியது. கிறீச். கிறீச். மரத்துக்குள் இரும்பு. முதலாவது. இரண்டாவது.

"இர்மேலா! திற! உன் காலைப் பிடிக்கறேன், திற!"

மூன்றாவது.

"ஆறு மணிக்கு வர்றேன்" என்றாள் அவள்.

நாலாவது.

சரளைக்கல் பாதையில் சக்கரம் உருளும் சத்தம். இடுக்கில் மஞ்சள் வெளிச்சம் விழுந்தது. தோட்டத்து வண்டி. தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம்பெண்ணின் குரல், உயிருள்ள, சளி பிடித்த குரல்: "அம்மா, இருட்டப் போகுது, கேட்டைச் சாத்தணும். தனியாவா வந்தீங்க?"

கடவுளே. கத்து. இப்போதே கத்து. ஹார்ட்முட் நெஞ்சு முட்ட மூச்சை இழுத்தார்.

பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் வாயைப் பொத்தியது.

அவசரமில்லாத கை. அந்த விரல்களில் நகம் இல்லை. நுனியில் சதையும் இல்லை. பற்களின்மேல் எலும்பு உரசியது.

"தனியாத்தாம்மா வந்தேன்" என்றாள் இர்மேலா.

"வாங்க, ஏறிக்குங்க. கேட்டுல விட்டுடறேன். இன்னைக்கு உறைபனி பிடிக்குமாம்."

"பிடிக்கட்டும்மா."

வெளிச்சம் நகர்ந்தது. சக்கரச் சத்தம் தேய்ந்து, பாலத்தில் ஒருமுறை தடதடத்து, நின்றுபோனது. ஏரி மட்டும் கரையில் மெல்ல மோதிக்கொண்டிருந்தது.

வாய்மேல் இருந்த கை விலகவில்லை. இன்னொரு கை இருட்டில் அவர் வயிற்றைத் தடவி, கோட்டின் அடிப் பொத்தானைக் கண்டுபிடித்தது. போட்டது. அடுத்ததைப் போட்டது. வெளியே குளிருக்கு அனுப்பும் குழந்தைக்குப் போடுவதுபோல, ஒவ்வொன்றாக, பொறுமையாக, கழுத்து வரை.