வெள்ளைச் சட்டைக்கு மேல் பனி

ரித்விக்கின் திரையில் ஸுராபுக்கு முகம் இல்லை. தொப்பி இருந்தது, கரி படிந்த காதுகள் இருந்தன, கழுத்தில் சிலுவை தொங்கியது. நடுவில் மட்டும் பாலை ஊற்றியதுபோல் ஒரு வெண்மை.

மறுபடியும் பனி என்று சலித்துக்கொண்டு ரித்விக் கேமராவை இறக்கினான். ஆவணப்படம் எடுக்கக் கற்றுக்கொள்ள சென்னையிலிருந்து ஜார்ஜியாவின் இந்தச் சுரங்க ஊருக்கு வந்திருந்த ஆறு பேரில் ஐந்து பேருக்கும் அதே கதிதான். தொழிலாளி ஸுராப் என்னவோ நல்ல மனிதர். எடுங்கள், எடுங்கள் என்று பல் தெரியச் சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் வாய் சொல்வதை இசைவுக்கண் கேட்பதில்லை.

இசைவுக்கண் இல்லாத கேமரா இப்போது எங்கும் கிடையாது. கைபேசியில் இருப்பதும் அதுதான், தெருமுனைக் காவல் கேமராவில் இருப்பதும் அதுதான். எதிரில் இருப்பவரின் தோல் சூட்டை, கருவிழியை, தாடைத் தசையை, மூச்சை அது அளக்கும். உடம்பு ஒப்பவில்லை என்றால் முகத்தை லென்ஸிலேயே அழித்துவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை மீட்க முடியாது. அதைத்தான் படம் எடுப்பவர்கள் பனி விழுந்தது என்பார்கள்.

முகவுரிமைச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. மலக்குழியிலிருந்து ஏறி வருகிறவன் கையில் நூறோ இருநூறோ திணித்து, கையெழுத்து வாங்கி, அவன் முகத்தில் வழிவதைப் படம் பிடித்துப்போய், கோட்டு போட்டுக்கொண்டு விருது வாங்கிய காலம் ஒன்று இருந்தது. பசித்தவன் சொல்கிற 'சரி' சம்மதம் ஆகாது என்று சண்டை போட்டுத்தான் சட்டம் வந்தது. எனவே வாய்ச்சொல் செல்லாது. உடம்பு சொல்வது மட்டுமே சம்மதம்.

குழுவின் ஆறாவது ஆளான பூங்கோதை இந்தச் சட்டத்தை நம்பியதுபோல் வேறு எதையும் நம்பியதில்லை. அவள் அப்பா ஏழுமலை புளியந்தோப்பில் பாதாளச் சாக்கடை வேலை பார்ப்பவர். அவர்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள். தன் தெரு ஆட்களின் முகத்தை இனி எவனும் திருட முடியாது என்பதால்தான் கேமராவையே கையில் எடுத்தாள்.

அன்றைக்கு அவள் ஸுராபிடம் தன் கேமராவைக் கொடுத்து, முதலில் என்னை எடுங்கள் என்றாள். அவர் எடுத்தார். அவர் பையிலிருந்த ரொட்டியில் பாதியைப் பிடுங்காத குறையாக வாங்கித் தின்றாள். மலையில் தொங்கிக்கொண்டு போகும் கம்பிவண்டிகளைப் பார்த்தபடி இரண்டு பேரும் ஒரு பிற்பகல் முழுக்க இரும்புப் படியில் உட்கார்ந்திருந்தார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அவர் தானாகவே அவள் பக்கம் திரும்பித் தன் தம்பியைச் சுரங்கம் விழுங்கியதைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் திரையில் அவருடைய ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது.

"உனக்கு மட்டும் எப்படி வருது கோதை?" என்றான் ரித்விக். "எதாவது மந்திரம் வெச்சிருக்கியா?"

"நீ ஊருக்கே ஸ்பான்சர் மாதிரி வந்து நிக்கிற. அந்தாளு பயப்படாம என்ன பண்ணுவாரு?"

மற்றவர்கள் சிரித்தார்கள். வித்யா மேடம் மட்டும் சிரிக்கவில்லை. பயிற்சியை நடத்துபவர் அவர். குரல் எப்போதும் மெத்தென்று இருக்கும். மக்கள் உன்னிடம் தங்களைத் திறந்து காட்டுகிறார்கள் என்று பூங்கோதையின் தோளைத் தட்டினார். அவளுக்குப் பெருமையாக இருந்தது. கூடவே ஒன்று குத்தியது. உலகத்தில் ஒரே ஒரு ஆள் மட்டும் அவளிடம் திறந்ததே இல்லை.

அது அவள் அப்பா. எத்தனை முறை எடுத்தாலும் பனிதான். சட்டத்துக்கு முந்தைய கல்யாண ஃபோட்டோ வெள்ளத்தில் போய்விட்டது. காண்டிராக்டர் கொடுத்த அடையாள அட்டையில் கைரேகை மட்டும்தான். விமானம் ஏறுவதற்கு முன்னால், இருக்கிற ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைப் படிய வாரி, நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு ஏழுமலை உட்கார்ந்தார். எடு கண்ணு என்றார். அப்போதும் பனி. மிசினுக்கே நம்மள புடிக்கல போல என்று சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மிசின் பொய் சொல்லாது நைனா. உனக்கு மனசு இல்ல. பெத்த பொண்ணாண்ட இன்னா மறைக்கிற?"

அவர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். செய்கிற வேலையை நினைத்து அவருக்கு வெட்கம், அதைத் தன்னிடமும் மறைக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அவள் கிளம்பினாள்.

அம்மா சரசுவின் அழைப்பு வந்தபோது குழு கம்பிவண்டி நிலையத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தது. புளியந்தோப்பில் அடைப்பெடுப்பான் எந்திரம் ஒரு வளைவில் சிக்கிக்கொண்டது. ஆள் இறங்கக் கூடாது என்பதற்காகவே வாங்கிய எந்திரம் அது. ஆளைவிட அதன் விலை அதிகம் என்பதால், அதை எடுத்துவரக் காண்டிராக்டர் ஏழுமலையை இறக்கினான். எந்திரம் மேலே வந்துவிட்டது.

"நைனா போய்ட்டாருடி பூவு," என்றாள் அம்மா.

பூங்கோதை அந்த இரும்புப் படியில் அப்படியே உட்கார்ந்தாள். கை, கால், கழுத்து எதுவும் அவள் சொன்னதைக் கேட்கவில்லை. ரித்விக்கின் கேமரா உயர்வதைப் பார்த்தாள். எடுக்காதே என்றாள். மறுபடியும் சொன்னாள். அவன் இறக்கவில்லை.

விமானம் மறுநாள்தான். பிரேதப் பரிசோதனை முடிந்த உடலை அதுவரை வைத்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அம்மா மறுபடி கூப்பிட்டபோது அழுது ஓய்ந்திருந்தாள். பேனர் கடைக்காரர் வந்து நிற்கிறாராம். தெருவில் யார் செத்தாலும் கண்ணீர் அஞ்சலி என்று முகம் போட்டு மூலையில் கட்டுவார்கள். ஏழுமலையே எத்தனையோ பேருக்கு ஏணி ஏறிக் கட்டியிருக்கிறார்.

"அத்தினி படம் எடுத்தியே, ஒண்ணு அனுப்பு பூவு. மூஞ்சி தெரியறாப்ல."

அப்பாவை எடுத்த பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். வாசலில் பனி. டீக்கடையில் பனி. வெள்ளைச் சட்டைக்கு மேலே பனி. எதை அனுப்புவது?

கீழே உணவறையில் ரித்விக் எடுத்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை முழுக்க அவள் முகம். கண்ணீர் இன்னும் கன்னத்துக்கு இறங்கவில்லை. ஒரு புள்ளி பனி கிடையாது. அழித்துவிடு என்றாள். ரித்விக் அவளைப் பார்க்காமல் வித்யா மேடத்தைப் பார்த்தான். அவர் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், இந்தப் பயணத்திலேயே இதுதான் மிக உண்மையான காட்சி என்றார். ஒப்புதல் பதிவாகியிருப்பதால் சட்டப்படி அது ரித்விக்குடையது என்பதையும் மெத்தென்றே சொன்னார்.

"நான் வேணாம்னு சொன்னேன் மேம். எல்லாரும் கேட்டாங்க."

"நீ சொன்னேதாம்மா. நானும் கேட்டேன். ஆனா முகம் எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. உள்ளுக்குள்ள நீ ஒத்துக்கிட்டிருக்கே, உனக்கே தெரியாம. கருவி பொய் சொல்லாது."

பூங்கோதை தண்ணீரைக் குடிக்காமல் வைத்தாள். தன் மனம் தனக்குத் தெரியும். உயிரே போனாலும் அந்த நேரத்தில் அவள் ஒத்துக்கொண்டிருக்கமாட்டாள். அப்படியென்றால் கருவி பொய் சொல்கிறது. அவளைப் பற்றிப் பொய் சொன்னது அப்பாவைப் பற்றி மட்டும் உண்மை சொல்லியிருக்குமா?

வெளியே வந்து அம்மாவைக் கூப்பிட்டு, படம் எடுக்க உட்காரும்போது நைனா என்ன செய்வார் என்று கேட்டாள்.

"இன்னாத்துக்குடி இப்போ இது?"

"சொல்லும்மா."

"இன்னா பண்ணுவாரு, மூச்ச புடிச்சிக்குவாரு. குழில எறங்கசொல்ல புடிப்பாரே, அத்த மாரி. ஆடாம குந்தினாதான் பொண்ணுக்குப் படம் நல்லா வரும்னுவாரு. நீ ஊருக்குப் போனப்புறம் கூட கண்ணாடி முன்னால குந்திப் பழகினாரு. திரும்பி வந்தா இந்த வாட்டி தெளிவா கெடைக்கும் பாருன்னாரு."

வாழ்நாளெல்லாம் எது கழுத்தளவுக்கு வந்தாலும் மூச்சை அடக்கியே பிழைத்த மனிதர், மகளுக்காகவும் மூச்சை அடக்கினார். இறுகிய தாடையையும் நின்ற மூச்சையும் பார்த்த கருவி, இவன் பயப்படுகிறான், மனமில்லை என்று தீர்ப்பு எழுதியது. இடிந்துபோய் உட்கார்ந்தவளின் தளர்ந்த தசையைப் பார்த்து, இவள் ஒப்புகிறாள் என்றது. தடையில்லாமல் மூச்சு விட்டே வளர்ந்தவர்களை உட்காரவைத்துத்தான் அதற்குச் சம்மதத்தைக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். 'சரி' என்ற சொல்லைக் காப்பாற்றுவதாகச் சொல்லி, 'வேண்டாம்' என்ற சொல்லையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டார்கள். அவளும் அதற்குக் கை தட்டியவள்தான்.

இசைவுக்கண் முகத்தைத்தான் அழிக்கும், ஒலியைத் தொடாது. வெள்ளைச் சட்டைப் பதிவைக் காதில் வைத்துக் கேட்டாள். எடு கண்ணு என்ற குரல். உடனே ஆழமாக இழுக்கும் ஒரு மூச்சு. பிறகு எதுவும் இல்லை. ச்சே, பனி என்று அவளே சலித்துக்கொள்வது கேட்டது. பதிவு அதோடு நின்றது. டீக்கடைப் பதிவிலும் அப்படித்தான், வாசலிலும் அப்படித்தான். எல்லாவற்றிலும் அவர் மூச்சை இழுத்தார். அவர் விடுவதற்குள் எல்லாவற்றையும் அவள் அணைத்திருந்தாள். முன்பின் தெரியாத ஒருவருக்கு ஒரு பிற்பகலைக் கொடுத்தவள் அப்பாவுக்கு ஒரு மூச்சு நேரம் கொடுக்கவில்லை.

வெள்ளைச் சட்டைப் பதிவிலிருந்து ஒரு படத்தை எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். மறுபடி அவளைக் கூப்பிட்டு, கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல் காத்திருந்தாள். மறுமுனையில் பேனர் கடைக்காரரின் குரல் கேட்டது. "இன்னாக்கா இது? மூஞ்சியே இல்ல. இத்த எப்படி அடிக்கிறது?"

அம்மா கைபேசியை வாங்கிப் படத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு சொன்னாள்:

"மூச்ச புடிச்சிக்கினு கீறாரு. அப்டியே அடி."